ஆக்சிடென்ட் என்ற பெயர்ச்சொல்

“ரெண்டு சி. ஒண்ணு போட்டா ஆகாது” என்று சொல்லிக்கொண்டே அன்புசெல்வி அந்த எழுத்தை அழுத்தி எழுதினாள். மார்க்கரில் மை தீர்ந்துகொண்டிருந்தது. கடைசி எழுத்து பலகையில் நிறமில்லாத கீறலாக விழுந்தது. அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினாள்.

“படிங்க பார்க்கலாம்.”

“ஆக்சிடென்ட்” என்றார்கள் எல்லோரும். முதல் மூன்று எழுத்து விழும்போதே பாதிப் பேர் சொல்லிவிட்டிருந்தார்கள்.

கேண்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு பெஞ்சுகளை மட்டும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மெஷினிலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. மதியம் வைத்த ரசத்தின் வாசனை இன்னும் போகவில்லை. வியாழக்கிழமைதோறும் ஷிஃப்ட் முடிந்ததும் இங்கே வகுப்பு. வாரத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல். அன்புசெல்விக்கு அந்தப் பனியன் கம்பெனியில் வேல்ஃபேர் ஆபீஸர் என்று பெயர். நெருப்பெரிச்சல் என்ற அந்த ஊரில் பாதிப் பேர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

“அர்த்தம் சொல்லுங்க.”

“வண்டி மோதறதுங்க.”

“பி.என். ரோட்டுல தினமும் நடக்கறதுங்க.”

“எங்கூட்டுக்காரரு என்னையப் பொண்ணு பார்க்க வந்ததுங்க டீச்சர்” என்றாள் ஓவர்லாக் தைக்கும் பிரியங்கா.

பெஞ்சுகள் குலுங்கின. அன்புசெல்விக்கும் சிரிப்பு வந்தது. “வேணும்னு வந்தாரா, தெரியாம வந்தாரா?”

“பக்கத்தூட்டுப் பொண்ணைப் பார்க்க வந்தவருங்க. கதவு மாறிப்போச்சு.”

“அப்ப அது பை ஆக்சிடென்ட். எழுதிக்க. வேணும்னே வந்திருந்தா ஆன் பர்ப்பஸ்.”

“கதவைச் சாத்தாம வெச்சது எங்கம்மா. அது ஆன் பர்ப்பஸுங்க.”

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அவள் விளக்கினாள். வண்டி மோதுவது மட்டும் அல்ல. யாரும் நினைக்காமல், திட்டமில்லாமல் நடக்கிற எதற்கும் இந்தப் பேர் பொருந்தும். பால் கொட்டுவதும் ஆக்சிடென்ட்தான். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், ஆகவே முன்னால் அன் போட வேண்டும். ஹேட் அன் ஆக்சிடென்ட் என்று சொல்லலாம். நம் ஊர்ப் பேப்பரில் மெட் வித் என்று போடுவார்கள், அதுவும் நடக்கும். தமிழில் விபத்து.

“விபத்துன்னு யாருங்க வாயால சொல்றா? போலீஸ்காரங்கதான் சொல்லுவாங்க” என்றது ஒரு குரல்.

அது உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் ஓடிவந்து ‘விபத்து நடந்துவிட்டது’ என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. புத்தக வாக்கியம் செல்லாது. அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வரிசையாகச் சொன்னார்கள். மாமனார் அவிநாசித் தேருக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்தது. தம்பி பைக். நாய் குறுக்கே வந்தது. கடைசி பெஞ்சில் சின்னான் இருந்தார்.

“அண்ணா, நீங்க?”

“எனக்கு வரலைங்க டீச்சர்.”

“ஏனுங்கண்ணா, உங்களுக்கு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். எல்லோருடைய கண்ணும் அவருடைய இடது கைக்குப் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவுக்கு மேல் இல்லை. அந்தக் கையால் தாளை அழுத்திப் பிடித்திருந்தார்.

“ரோட்டுல நடந்தாத்தான அந்தப் பேருங்க” என்றார் சின்னான். “கம்பெனி கேட்டுக்குள்ள நடந்தா கையைக் குடுத்துட்டான்னுதான சொல்லுவோம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நானே அப்படித்தான் சொல்றேன்.”

“அது பேச்சுக்குச் சொல்றதுதானுங்கண்ணா” என்றாள் பிரியங்கா.

“பேச்சு பிச்சம்பாளையம் வரைக்கும் போயிருச்சு கண்ணு. அங்க ஒரு கம்பெனில கட்டிங் டேபிள் காலியாக் கெடக்குது. போய் நின்னா, ‘நீங்கதான கையைக் குடுத்தவரு’ங்கறாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அன்புசெல்வி பலகையின் பக்கம் திரும்பி, தீரப்போகும் மார்க்கரால் மெதுவாக ஒரு வாக்கியம் எழுதினாள். ‘சின்னான் ஹேட் அன் ஆக்சிடென்ட் அட் ஒர்க்.’ வேலை செய்யும் இடத்தில் சின்னானுக்கு ஒரு விபத்து நேர்ந்தது.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். “இதுல யாரு குடுத்தான்னு இல்லீங்களே.”

“இல்லீங்கண்ணா. அதுவா வந்து நடந்திருக்கு. அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம்.”

“நல்லாருக்குதுங்க” என்று சொல்லி அவர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். அன்று அன்புசெல்வி ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்போடு வீட்டுக்குப் போனாள்.

*

அவளுக்கு ஆங்கிலம் துணி வழியாக வந்தது. பன்னிரண்டாவது முடித்த கையோடு செக்கிங் டேபிளில் நின்றாள். பனியன் கழுத்தில் தைத்திருக்கும் சிறு பட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பாள். வெளுக்காதே. முறுக்கிப் பிழியாதே. நிழலில் காயப்போடு. இங்கிலீஷ் என்பது முழுக்கக் கட்டளைகளால் ஆன பாஷை என்று நெடுநாள் நினைத்திருந்தாள். அப்புறம் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். அட்டைப்பெட்டிகளில் பெயர்ச்சொற்கள் இருந்தன. நிறம், அளவு, எடை, சேருமிடம். கட்டளை இல்லாமல் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் சொற்கள். அவை அவளுக்குப் பிடித்துப்போயின. தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்து, தோற்று, திரும்ப எழுதி முடித்தாள்.

அப்பா தங்கதுரை நிட்டிங் மெஷின் சத்தத்திலேயே காலம் கழித்து இரண்டு காதும் மந்தமானவர். வீட்டில் அவரோடு கத்திப் பேசிப் பழகியதில் அவளுக்குத் தொண்டை பெரிது. மைக் இல்லாமல் ஒரு ஃப்ளோர் முழுக்கக் கேட்கும். கணவர் மோகன்ராஜுக்கு அவிநாசியில் இரவு ஷிஃப்ட். இருவரும் பெரும்பாலும் வாசலில்தான் சந்தித்துக்கொண்டார்கள். சாவி கைமாறும். சோறு எந்தச் சட்டியில் இருக்கிறது என்ற செய்தி கைமாறும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்காரும்போதுதான் அவருக்கு நரை கூடியிருப்பதைப் பார்ப்பாள்.

சின்னான் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காகப் போட்ட துணியின் மீது அச்சுக் காகிதத்தை வைத்து, நட்டுக்குத்தலாக ஓடும் கத்தி மெஷினை வலது கையால் தள்ளிக்கொண்டு போவார். இடது கை கத்திக்கு முன்னால் துணியை அமுக்கிப் பிடித்தபடி நகர வேண்டும். அந்த இடது கைக்குப் போட ஒரு கையுறை உண்டு. இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னியது. கத்தி பட்டாலும் வெட்டாது. கம்பெனியில் ஐந்து இருந்தன. ஐந்தும் ஆபீஸ் பீரோவில் இருந்தன.

அதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. போட்டால் கை வேர்க்கிறது, வேலை மட்டுப்படுகிறது என்று கட்டிங்காரர்கள் கழற்றிவிடுவார்கள். கழற்றி வைத்தது காணாமல் போகும். ஆகவே பீரோவில் வைத்தார்கள். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் ஆடிட் என்று சோதிக்க வரும் நாளில் மட்டும், விசேஷத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுப்பது போல எடுத்துத் துடைத்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் திரும்பவும் உள்ளே போய்விடும். நெருப்பெரிச்சலில் பல கம்பெனிகளில் அதுதான் வழக்கம். யாருக்கும் அது வழக்கமாகக்கூடத் தெரியவில்லை.

தீபாவளிக்கு முன்னால், அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தபோது சின்னானின் விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின் அவரைத் துணி வேஸ்ட் கூட்டும் வேலைக்குப் போட்டார்கள். கத்தியை அவர் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கையைக் கொடுத்தவன் இன்னொரு முறையும் கொடுப்பான் என்பது பேச்சு.

*

திங்கட்கிழமை தரணீதரன் கூப்பிட்டு அனுப்பினான். முதலாளி ஈஸ்வரமூர்த்தியின் மகன். கோவையில் படித்துவிட்டு வந்து இரண்டு வருஷமாக அவன்தான் எல்லாம் பார்க்கிறான். குரல் உயர்த்த மாட்டான். வந்தவர்களுக்கு டீ வராமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டான்.

“ஏனுங்க்கா, வகுப்பு நல்லாப் போகுதுங்களா?”

“போகுதுங்க சார்.”

“புதன்கிழமை ஆடிட். பெங்களூர்ல இருந்து ஆஷான்னு ஒரு மேடம் வர்றாங்க. அவங்களுக்குத் தமிழ் வராது. நீங்கதான் கூட இருந்து மொழிபெயர்க்கோணும்.”

“சரிங்க சார்.”

“இன்னொண்ணுங்க்கா. சின்னானுக்கு அன்னைக்கு ஒரு நாள் லீவு சொல்லிருங்க. கையைப் பார்த்தா அவங்க ஆயிரம் கேள்வி கேட்பாங்க. அவருக்கும் சங்கடம்.”

அவள் டீயைக் குடித்தாள்.

“அப்படியும் யாராச்சும் பேச்சு எடுத்துட்டா” என்றான் தரணீதரன், “கவனக்குறைவுன்னு சொல்ல வேண்டாங்க்கா. பாவம் அந்த மனுஷன். ஆக்சிடென்ட்னு சொல்லிருங்க. உங்க வகுப்புல போன வாரம் அதுதானாமே. நல்ல வார்த்தை. யாரு மேலயும் படாது.”

படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வியாழக்கிழமை தான் பலகையில் எழுதியதும் அதே வாக்கியம்தான். சின்னானுக்காக எழுதியது. அதையே இப்போது ஆபீஸ் அறையில் டீயோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு அளவாக இருந்த சட்டை தரணீதரனுக்கும் அளவாகத்தான் இருந்தது.

*

செவ்வாய் சாயங்காலம் அவள் சின்னானின் வீட்டுக்குப் போனாள். நெசவுக் கூடமாக இருந்ததைத் தடுத்து வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளில் மூன்றாவது. அவர் மனைவி வேலாத்தாள் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறந்த வீடு மூலனூர். கீரைக்கட்டு அங்கிருந்து பஸ்ஸில் வந்திருந்தது.

“வாங்க அம்மிணி. ஊடு குப்பையாக் கெடக்குது, பார்க்காதீங்க.”

சின்னான் உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். அவர் நின்றார். அன்புசெல்வி சுற்றி வளைக்காமல் சொன்னாள். புதன்கிழமை லீவு. என்ன காரணம் என்பதையும் சொன்னாள்.

“நல்லதாப் போச்சு” என்றாள் வேலாத்தாள். “ஒரு நாளைக்கு ஊட்டுல இருங்க. மேல தகரம் ஒழுகுது, அதைப் பாருங்க.”

“நான் வர்றேனுங்க” என்றார் சின்னான்.

“எதுக்கு? கூட்டற சீமாத்தையும் புடுங்கிட்டு அனுப்பிச்சாங்கன்னா?”

“அன்னைக்கும் குப்பை உழுகுமில்ல. கூட்டோணுமில்ல.”

“குப்பை கூட்டவா போறீங்க நீங்க! என்ற கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.”

அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அன்புசெல்வியிடம் கேட்டார். “அவங்க கேட்டா சின்ன மொதலாளி என்னன்னு சொல்லுவாருங்க?”

“ஆக்சிடென்ட்னு.”

“நாம எழுதுனமே, அதேயுங்களா?”

“அதேதானுங்கண்ணா. யாரு மேலயும் படாதுங்கறாரு.”

வெட்டுவதற்கு முன்னால் துணியைத் தடவிப் பார்ப்பது போல சின்னானின் இடது கை நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. “என் மேல படலைன்னாப் போதும்னுதான் நெனச்சேன். கத்தி எகிறுனது நடந்ததுதானுங்க, நடந்துபோச்சு. ஆனா கிளவுஸு பீரோவுல இருந்துச்சே. அதுவும் ஆக்சிடென்ட்டுங்களா?”

“இல்லீங்கண்ணா. அது வெச்சது.”

“அப்ப எனக்கு அந்த வார்த்தை வேண்டாங்க. வேற ஒண்ணு சொல்லிக் குடுங்க. நானே அந்த அம்மாகிட்டச் சொல்லிக்கறேன்.”

அவள் சொல்லிக்கொடுத்தாள். தி கிளவ் வாஸ் இன் தி கப்போர்ட். கையுறை பீரோவுக்குள் இருந்தது.

“கப்போர்ட்டுன்னா?”

“பீரோ.”

“பீரோவே இங்கிலீசுதானுங்களே?”

“அது வேற எங்கிருந்தோ வந்ததுங்கண்ணா.”

வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரையை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னான் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வாக்கியம் ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் உடைந்தது.

“இன்னொண்ணும் வேணுங்க” என்றார் பிறகு. “நானும் கேக்கலை. அதையும் சேர்த்துக்கோணும்.”

“அது எதுக்குங்க?” என்றாள் வேலாத்தாள், சிரிப்பு போன முகத்தோடு.

“கேக்கலையே. கிளவுஸ் குடுங்கன்னு ஒரு நாளும் போய்க் கேக்கலை. கேட்டா, ‘என்னடா, புதுசாக் கையில மருதாணி வெச்சிருக்கியா’ம்பானுங்க. அதனால கேக்கலை. அது நெசந்தான.”

ஐ டிட் நாட் ஆஸ்க். அதையும் சொல்லிக் கொடுத்தாள். அது சின்ன வாக்கியம், உடனே வந்துவிட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது வேலாத்தாள் கூட வந்தாள். “அம்மிணி, அவருக்கு வேலை போனா நான் சமாளிச்சுக்குவேன். உங்களுக்குப் போச்சுன்னா?”

அன்புசெல்வி வார் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கேட் வாட்ச்மேனிடம் சின்னானுக்கு லீவு என்று சொல்லிவைக்க வேண்டும். அவள் சொல்லாமலே வீட்டுக்குப் போனாள்.

*

புதன்கிழமை காலை கட்டிங் செக்‌ஷனில் கையுறைகளைக் கொடுத்தார்கள். ஐந்து பேரும் இடது கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள்.

“பெங்களூர் ஒறம்பரை வந்தாச்சாடா?”

“இன்னும் இல்லை. மாப்பிள்ளை ரெடி, பொண்ணு ஊட்டுக்காரங்கதான் வரலை.”

“கழட்டித் தொலையாத. போன வாட்டி இவன் போட்டுக்கிட்டே சோறு திங்கப் போனான்.”

சின்னான் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். விளக்குமாற்றை வைத்துக்கொண்டு மூலையில் துணித் துண்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஆஷா மேடம் வாட்டசாட்டமான பெண். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழி, முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் தரணீதரன், ஒரு பக்கம் அன்புசெல்வி. கட்டிங் டேபிள்களை அவள் கடந்துவிட்டாள். தரணீதரன் மூச்சு விட்டது அன்புசெல்விக்குக் கேட்டது. அப்போது ஆஷா குப்பைக்கு வழிவிட்டு ஒதுங்கி, கூட்டுகிறவருக்கு நன்றி சொல்வதற்காகத் திரும்பினாள். விளக்குமாற்றுப் பிடியில் இருந்த கையைப் பார்த்தாள்.

இவருக்கு என்ன நேர்ந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“கைக்கு என்னாச்சுன்னு கேக்கறாங்கண்ணா.”

“தி” என்றார் சின்னான்.

எல்லோரும் காத்திருந்தார்கள். டேபிள்களில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சின்னானின் கண் ஆஷாவிடமிருந்து நழுவித் தரணீதரனிடம் போனது. தரணீதரன் முறைக்கவில்லை. வருத்தமாகத்தான் பார்த்தான்.

“கையைக் குடுத்துட்டேனுங்க” என்றார் சின்னான் தமிழில்.

“ஆக்சிடென்ட்” என்று தரணீதரன் ஆஷாவிடம் சொன்னான். பழைய ஆக்சிடென்ட், தீபாவளி சமயத்தில், கம்பெனிதான் வைத்தியம் பார்த்தது என்றான். அதெல்லாம் உண்மை.

ஆஷா அன்புசெல்வியைப் பார்த்தாள். “அவர் சொன்னது என்ன?”

அவர் சொன்னதற்கு ஆக்சிடென்ட் என்ற ஆங்கிலம் அவளிடம் தயாராக இருந்தது. இரண்டு நாளாகவே இருந்தது. ஆனால் அவர் சொன்னது அது இல்லை. தன் கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். ஆஷாவின் நெற்றி சுருங்கியது. இந்த ஊரில் யாருக்கு அடிபட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், அடிபட்டவரும் அப்படித்தான் சொல்வார் என்று சேர்த்துச் சொன்னாள்.

இந்தக் கையுறை அப்போது இல்லையா என்று கேட்டாள் ஆஷா.

“அக்கா” என்றான் தரணீதரன் தணிந்த குரலில், தமிழில். “ஆக்சிடென்ட்னு முடிச்சிருங்க. போதும்.”

அன்புசெல்வி சின்னானிடம் திரும்பினாள். அவள் குரல் வழக்கம்போலப் பெரிதாகத்தான் வந்தது. கட்டிங் செக்‌ஷன் முழுக்கக் கேட்டது. “கிளவுஸ் எங்க இருந்துச்சுன்னு கேக்கறாங்கண்ணா.”

“பீரோவுலங்க” என்றார் சின்னான். பிறகு, யாரும் கேட்காமலே, “நானும் கேக்கலைங்க.”

இரண்டையும் அவள் மொழிபெயர்த்தாள். ஒன்றைக்கூட விடவில்லை, எதையும் கூட்டவும் இல்லை. செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொடுத்த அதே சொற்கள்தான். தன் வாயிலிருந்து வரும்போது அவை மிகவும் சின்னதாக, ஒன்றுக்கும் பெறாததாகக் கேட்டன. ஒரு பொருள் ஓரிடத்தில் இருந்தது. ஒருவர் அதைக் கேட்கவில்லை.

ஆஷா டேபிளுக்கு நடந்துபோய் அங்கே நின்றவனின் கையுறையைத் தொட்டுப் பார்த்தாள். இது எப்போது உன் கைக்கு வந்தது என்று கேட்டாள். அவன் அன்புசெல்வி மொழிபெயர்க்கும் வரை காத்திருந்தான். பிறகு தரணீதரனைப் பார்த்தான், சின்னானைப் பார்த்தான்.

“காலையிலதானுங்க” என்றான்.

பீரோவைப் பார்க்கலாமா என்று ஆஷா கேட்டாள். தரணீதரன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவர்கள் போன பிறகும் யாரும் மெஷினைப் போடவில்லை. சின்னான் அன்புசெல்வியிடம் வந்து நின்றார்.

“சொல்ல வரலைங்க டீச்சர். நாக்கு அதைத்தான் எடுத்துச்சு.”

“சொல்லிட்டீங்கண்ணா” என்றாள் அவள்.

சாயங்காலம் ஆஷாவின் கார் போன பிறகு தரணீதரன் அன்புசெல்வியைக் கூப்பிட்டான். அன்றும் டீ வந்தது.

“நீங்க பொய் சொல்லலீங்க்கா. அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தனே. அதைச் சொல்றதுக்கு என்ன?”

“அந்த வார்த்தை அதுக்குப் பத்தலைங்க சார்.”

“எங்கப்பா எப்படி எடுத்துக்குவாருன்னு தெரியலீங்க்கா.”

“சரிங்க சார்.”

“டீ ஆறுது பாருங்க” என்றான்.

*

மறுநாள் வியாழக்கிழமை. வழக்கம்போல வேலைக்கு மணி அடித்தது. ஈஸ்வரமூர்த்தி காலையிலேயே வந்து கட்டிங் செக்‌ஷனில் நின்றார். கையுறை இனிமேல் டேபிளிலேயே இருக்கும், போடாதவன் மெஷினைத் தொட வேண்டாம் என்று சொன்னார். எல்லோரும் சரிங்க என்றார்கள். மதியத்துக்குள் இரண்டு பேர் வேர்க்கிறது என்று கழற்றி வைத்தார்கள். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

சின்னானை அடுக்குத் துணி விரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கத்தி கொடுக்கவில்லை. அது அவருடைய பழைய டேபிளுக்கு அடுத்த டேபிள். நாள் முழுக்க அங்கே நின்று துணி விரித்தார். அவர் மேல் தவறில்லை என்று யாரும் சொல்லவில்லை. பீகாரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவன் சைகையில் அவர் கையைக் காட்டிக் கேட்டபோது, பக்கத்தில் நின்றவன், “கிளவுஸ் இல்லாம வெட்டுனதுல போச்சு” என்று தமிழிலேயே சொன்னான். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியாது.

அன்புசெல்வியைச் செக்கிங்குக்குப் போகச் சொன்னார்கள். வேல்ஃபேருக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டேபிளில் நின்றாள். குழந்தைகள் சட்டை, வெளிர் மஞ்சள். கறை, ஓட்டை, தையல் பிசகு என்று பார்த்துத் தள்ளினாள். முதுகு வலித்தது. சாயங்காலம் வகுப்பு நடக்கவில்லை. வெள்ளைப் பலகையை பேக்கிங் ஆட்கள் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பிரியங்கா வந்து, “ஏனுங்க டீச்சர், இந்த வாரம் என்ன வார்த்தை வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள். அன்புசெல்வி இன்னும் யோசிக்கவில்லை என்றாள். இருவரும் பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தார்கள். பஸ்ஸில் இடம் இருந்தது.